மூன்றாவது டிவிஷனுக்கும் ஒரு கேமரா

லிஸ்பனில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதால் வடக்கே ரயில் பிடித்துப் போய் அல்வெர்கா என்ற ஊரில் அறை எடுத்தேன். 2021 செப்டம்பர் தொடங்கி இரண்டரை வருடம் அங்கேதான் இருந்தேன். ஸ்டேஷனில் இறங்கி அறைக்கு நடக்கிற வழியில் ஒரு சின்ன காபிக் கடை. அங்கே காபியை 'பிகா' என்பார்கள். நம்மூர் டபராவில் ஊற்றினால் அடி கூட நனையாது, அவ்வளவுதான் இருக்கும், ஆனால் கசப்பு நாக்கில் அரைமணி நேரம் நிற்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைக் குடித்துக்கொண்டு நின்றபோது சுவரில் மாட்டியிருந்த டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

போர்த்துகலில் கடை டிவியில் கால்பந்து ஓடுவது ஒரு விஷயமே இல்லை. நான் நின்று பார்த்ததற்குக் காரணம் அந்த மைதானம். ஒரு பக்கம் மட்டும்தான் கேலரி. எதிர்ப்பக்கம் ஒரு மதில், மதிலுக்குப் பின்னால் நாலு மாடிக் குடியிருப்பு, அதில் ஒரு பால்கனியில் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்துப் பால்கனியில் ஒருவர் கையில் கண்ணாடி டம்ளரோடு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கொஞ்சம்தான் என்பதால் ஆட்டக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவது, கோல்கீப்பர் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் டிவியில் தெளிவாகக் கேட்டது. பந்து மதிலைத் தாண்டிப் போனது. கேமரா அப்படியே காத்திருந்தது. யாரோ வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்தார்கள், ஆட்டம் தொடர்ந்தது.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். "நம்ம ஊர் டீம்," என்றார். அல்வெர்கா அப்போது மூன்றாவது டிவிஷனில் இருந்தது.

அன்று ராத்திரி கோயம்புத்தூருக்குப் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். சின்ன வயதில் மில் டீமுக்கு ஆடியவர் அவர். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, மூணாவது டிவிசனக்கூடவா டிவில போடறாங்க? எந்தச் சேனல்காரன் அதுக்குக் காசு போடறான்?"

சேனல்காரன் யாரும் இல்லை, அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கமே போடுகிறது என்பதுதான் பதில்.

போர்த்துகல் கால்பந்துக் கூட்டமைப்பு 1914-இல் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 1 அன்று அது சொந்தமாக ஒரு தொலைக்காட்சிச் சேனலைத் தொடங்கியது. பெயர் 'கனால் ஓன்ஸ்', அதாவது சேனல் பதினொன்று. அவர்கள் மொழியில் 'ஓன்ஸ்' என்றால் எண் மட்டும் இல்லை, களத்தில் இறங்குகிற அணிக்கும் அதே சொல்தான். யூடியூப் பக்கத்தையோ, வாரத்துக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சியையோ சொல்லவில்லை, கேபிள் இணைப்பு இருக்கிற வீட்டில் தனிக்கட்டணம் இல்லாமல் வருகிற முழுநேரச் சேனலைச் சொல்கிறேன். லிஸ்பனை ஒட்டிய ஓயராஸில் கூட்டமைப்பின் தலைமையகம் இருக்கிறது, 'கால்பந்து நகரம்' என்று பெயர் வைத்து 2016-இல் திறந்த வளாகம், தேசிய அணி பயிற்சி எடுப்பதும் அங்கேதான். சேனலும் அங்கிருந்துதான். தொடங்கி நடத்த அழைத்து வந்தது நூனோ சாண்டோஸ் என்பவரை. அரசுத் தொலைக்காட்சியிலும் தனியார் தொலைக்காட்சியிலும் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். சங்கத்து ஆட்களில் ஒருத்தரைக் கூப்பிட்டு "நீ பார்த்துக்கோ" என்று விட்டுவிடவில்லை, டிவி தெரிந்தவர் கையில் கொடுத்தார்கள். இந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த நாட்டுக் கால்பந்து எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள். அதில் பெரும்பாலோர் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூன்று கிளப்புகளில் ஒன்றின் ரசிகர்கள். சொந்த ஊரில் ஒரு டீம் இருக்கும், அதற்கும் ஒரு ஓரத்தில் பாசம் இருக்கும், ஆனால் உயிர் அந்த மூன்றில் ஒன்றில். நாளிதழ் என்றால் விளையாட்டுக்கு மட்டுமே மூன்று வருகின்றன, முதல் பக்கத்தில் இந்த மூன்று கிளப்புகள்தான். ராத்திரி டிவியைப் போட்டால் ஒரு கிளப்புக்கு ஒருத்தர் வீதம் உட்கார்ந்து, நடுவர் கொடுத்த ஒரு பெனால்டியைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள்.

பணமும் அதே வழியில்தான் போனது. லீக் முழுவதற்கும் சேர்த்து ஒளிபரப்பு உரிமையை விற்கிற வழக்கம் அங்கே இல்லை, ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டத்தைத் தானே விற்றது. 2008-இலேயே பென்ஃபிகா சொந்தமாக டிவி தொடங்கிவிட்டது, 2013 முதல் தன் மைதானத்து லீக் ஆட்டங்களையும் அதிலேயே காட்டியது. 2015 டிசம்பரில் பத்து வருடத்துக்கு 40 கோடி யூரோ என்று ஒரு ஒப்பந்தமும் போட்டது. உரிமைகளை ஒன்றாகச் சேர்த்து விற்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்ததே 2021-இல்தான். சரி, மேலே இருப்பவர்களுக்கு இந்தக் கதை. கீழே? 2019-இல் மூன்றாவது டிவிஷனில் மட்டும் 72 அணிகள் இருந்தன. அதற்கும் கீழே மாவட்ட லீக்குகள், பெண்கள் லீக், ஃபுட்சால் என்கிற உள்ளரங்கக் கால்பந்து, வயது வாரியான போட்டிகள், கடற்கரைக் கால்பந்து. இவற்றுக்கு ஏலம் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

யாரும் வராத அந்த இடத்தில்தான் கூட்டமைப்பு தன் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெரிய கிளப்புகளின் லீக் ஆட்டத்தோடு அது போட்டிக்கே போகவில்லை. பெண்களின் முதல் டிவிஷன், ஃபுட்சால் லீக், மூன்றாவது டிவிஷன், இளையோர் அணிகள் என்று எடுத்துக்கொண்டது. மூன்று கிளப்புக்காரர்களை உட்கார வைத்து மோதவிடுகிற நிகழ்ச்சி வேண்டாம் என்பதையும் தொடக்கத்திலிருந்தே கொள்கையாக வைத்துக்கொண்டது.

நான் போவதற்கு முன்பே அல்வெர்காவில் நடந்த ஒரு சம்பவத்தை அந்தக் கடைக்காரர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. 2019 அக்டோபர், போர்த்துகல் கோப்பை மூன்றாவது சுற்று. அந்தச் சுற்றில் முதல் டிவிஷன் அணிகள் சின்ன அணிகளின் ஊருக்குப் போய்த்தான் ஆட வேண்டும் என்று விதி. அருமையான விதி அது, எந்த நாட்டுக் கோப்பைக்கும் பொருந்தும். ஸ்போர்ட்டிங் அல்வெர்காவுக்கு வந்தது. அல்வெர்கா 2-0 என்று வென்றது. "அடுத்த நாள் பேப்பர்ல பூரா ஸ்போர்ட்டிங் தோத்தது பத்தித்தான். நாங்க ஜெயிச்சது பத்தி எவ்ளோ தேடியும் ரெண்டு பத்திதான் கிடைச்சுது," என்பார். அவர் மனதில் கிடந்த ஆற்றாமை அது. பெரியவன் விழுந்தான் என்பதுதான் செய்தி, சின்னவன் எப்படி ஆடினான் என்பதை யாரும் கேட்கவில்லை.

2021-இல் மூன்றாவது டிவிஷனைத் திருத்தி 'லிகா 3' என்று 24 அணிகளோடு புது லீக் தொடங்கினார்கள், அதன் ஆட்டங்கள் இந்தச் சேனலில் வரத் தொடங்கின. அப்போதுதான் அவருக்குத் தன் ஊர் டீமைப் பற்றி வாராவாரம் பேச ஆள் கிடைத்தது. வர்ணனையாளருக்கு அல்வெர்காவின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் பெயர் தெரிந்திருந்தது, போன வருடம் எந்த அணியில் இருந்தான் என்று தெரிந்திருந்தது, எந்தக் காலில் பலம் என்பதும் தெரிந்திருந்தது. கடைக்காரர் அதைக் கேட்டு என் பக்கம் திரும்பி "பார்த்தியா" என்பதுபோல் புருவத்தை உயர்த்துவார். நம்மைப் பற்றி வெளியாள் ஒருத்தர் அக்கறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்றால் எப்படி இருக்கும், அந்த முகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் ஆட்டம். அவருடைய பேத்திக்கு அப்போது பத்து வயது, ஊர் கிளப்பின் சிறுமியர் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றாமல், தரையெல்லாம் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகளை உதிர்த்துக்கொண்டு, டிவிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். பாட்டி விளக்குமாறோடு வந்து நிற்பார். அவள் அசையமாட்டாள். பென்ஃபிகாவில் கிகா நசரேத் பந்தை வாங்கித் திரும்பும்போதெல்லாம் இவளுடைய வலது கால் நாற்காலிக்கு அடியில் தானாக அசையும். கிகா 2002-இல் பிறந்தவர், பதின்ம வயதிலேயே பென்ஃபிகா பெண்கள் அணிக்கு ஆட வந்தவர், 2024-இல் பார்சலோனாவுக்குப் போனார். அந்தச் சிறுமிக்கு அவர் எங்கிருந்தோ திடீரென்று வந்து இறங்கிய நட்சத்திரம் இல்லை. தப்பாகப் பந்து கொடுத்து, விழுந்து, மழையில் நனைந்து, கோல் போட்டு வளர்ந்ததை வாராவாரம் டிவியில் பார்த்த அக்கா.

பெண்கள் கால்பந்தில் போர்த்துகல் ரொம்பப் பின்தங்கியிருந்த நாடு. ஸ்போர்ட்டிங்கும் பிராகாவும் பெண்கள் லீக்குக்குள் வந்ததே 2016-இல், பென்ஃபிகா அதற்கும் பிறகு. ஐரோப்பியக் கோப்பைக்கு முதல்முறை தகுதி பெற்றது 2017-இல். அப்புறம் 2023 பிப்ரவரி 22, நியூசிலாந்தின் ஹாமில்டனில் கேமரூனோடு உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம். எங்களுக்கு அது காலைநேரம், வேலைக்குப் போகிற வழியில் கடையில் நின்றுவிட்டேன். முன்னிலையில் இருந்தார்கள், ஆட்டம் முடிகிற நேரத்தில் கேமரூன் சமன் செய்தது, கடையே இருண்டுபோனது. கூடுதல் நிமிடங்களில் பெனால்டி. கரோல் கோஸ்டா அடித்தார். 2-1. முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி. ரயிலைப் பிடிக்க நின்றிருந்த கட்டட வேலைக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. இதற்கெல்லாம் ஒரு சேனல்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். கிளப்புகள் பணம் போட்டன, பயிற்சியாளர் பிரான்சிஸ்கோ நெட்டோ 2014 முதல் பொறுமையாக ஒரு அணியைக் கட்டினார். ஆனால் கரோல் கோஸ்டா பந்தை வைத்தபோது, அவர் எந்த மூலைக்கு அடிப்பார் என்று அந்தக் கட்டட வேலைக்காரர்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள், பாருங்கள். அவ்வளவு பரிச்சயம். அந்தப் பரிச்சயம் வாராவாரம் டிவியில் பார்க்காமல் வராது.

ஃபுட்சாலும் அப்படித்தான். 2018-இல் ஐரோப்பியக் கோப்பை, 2021-இல் லிதுவேனியாவில் அர்ஜென்டினாவை வென்று உலகக் கோப்பை, 2022-இல் மறுபடி ஐரோப்பியக் கோப்பை. ஐந்து பேர் ஆடுகிற உள்ளரங்க ஆட்டத்தை நம் ஊரில் இன்னும் பொழுதுபோக்கு என்றுதான் நினைக்கிறார்கள்.

இனி எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சங்கமே சேனல் நடத்தினால் சங்கத்தின் தவறை யார் சொல்வது? தலைவர் எடுத்த முடிவு தப்பு என்றால், நடுவர் நியமனத்தில் குளறுபடி என்றால், தேசிய அணிப் பயிற்சியாளர் தேவையில்லாத ஆளை எடுத்தார் என்றால், சம்பளம் கொடுப்பவரை எதிர்த்து அந்த ஸ்டூடியோவில் ஒருத்தர் எவ்வளவு தூரம் பேசிவிட முடியும்? என் பதில், முடியாது என்பதுதான். அந்த வேலையை வெளியில் இருக்கிற பத்திரிகைகள்தான் செய்ய வேண்டும். அவை இருக்கிற வரை சங்கத்தின் சேனலால் கெடுதல் இல்லை. அவை செத்துப்போய் சங்கத்தின் குரல் மட்டும் மிச்சமாகிற நாட்டில் இதே சேனல் ஆபத்தாகிவிடும். இதை மறைத்துவிட்டுப் புகழ எனக்கு மனமில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2023-24 பருவத்தில், சர்ச்சையான முடிவுகளின்போது நடுவரும் வீடியோ அறையில் இருந்தவர்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்ற ஒலிப்பதிவை இந்தச் சேனலிலேயே போட்டு விளக்கினார்கள். கடையில் அதைக் கேட்டபோது, நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஒருவர், "பாவம், அவனுக்கும் குழப்பமாத்தான் இருந்திருக்கு" என்றார். ராத்திரி விவாத நிகழ்ச்சிகள் எத்தனை வருடம் ஓடினாலும் இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து வரவழைத்திருக்காது.

அப்பா கேட்ட கேள்வி மட்டும் என்னோடு ஊருக்குத் திரும்பி வந்தது. காரணம் 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். நான் அங்கே இருந்தேன், அப்பாவும்தான். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்குக் கோவைதான் சொந்த மைதானம். மினர்வா பஞ்சாபை வென்றால் கோப்பை, தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது, கேலரி முழுக்க எல்லார் கையிலும் போன். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், அப்புறம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 43-க்கு 42, தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் லீக் பட்டத்தை வென்றது. அப்பா அழுததை நான் பார்த்தது வாழ்க்கையில் இரண்டு தடவை, அதில் ஒன்று அன்று.

அதே பருவத்தின் நடுவில்தான், மிச்சமிருந்த ஆட்டங்களில் பாதியை மட்டுமே டிவியில் காட்டுவோம் என்று ஒளிபரப்பு நிறுவனம் முடிவு செய்தது. கிளப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. கொடுத்து என்ன செய்ய, கேமரா அவர்களுடையது. பட்டத்துக்குப் போட்டி போடுகிற அணியின் ஆட்டம்கூடத் திரையில் வருமா வராதா என்பது வேறு யாரோ போடுகிற கணக்கு. அந்த அணி இன்று களத்திலேயே இல்லை. அந்தப் பருவத்து ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எனக்கு மிஞ்சுவது என் போனில் கேலரியிலிருந்து எடுத்த ஆடி ஆடித் தெரிகிற வீடியோதான்.

இந்தியக் கால்பந்துச் சங்கம் 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு மொத்தமாகக் கொடுத்தது. அதில்தான் 2014-இல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் வந்தது, நட்சத்திரங்கள் வந்தார்கள், பளபளப்பான ஒளிபரப்பும் வந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன், சென்னையின் எட்வின் சிட்னியையும் கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜையும் நாடு முழுக்கப் பார்த்தது அதனால்தான். ஆனால் 15 வருடம் முடிகிற 2025-இல், அடுத்த ஒப்பந்தத்துக்கு டெண்டர் விட்டபோது ஒருத்தர்கூடக் கேட்டு வரவில்லை. லீக் வழக்கமான நேரத்தில் தொடங்கவே முடியாமல் ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தை வரும்வரை சந்தை. போனால் கையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சங்கம் யூடியூபில் 'இந்தியன் ஃபுட்பால்' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறது, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி, இந்தியப் பெண்கள் லீக் ஆட்டங்களை அதில் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறை தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 என்று வென்றார்கள். நடுவில் 2019-இல் தமிழ்நாட்டு கிளப்பான சேது எஃப்சி லூதியானாவில் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. இவ்வளவையும் ஒரு தமிழ் வர்ணனையோடு, ஆட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் அந்தப் பெண்கள் எந்த ஊர், யாரிடம் பயிற்சி எடுத்தார்கள் என்று சொல்லி, முடிந்தபின் கோல்களைத் திருப்பிப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? நேரலை என்ற ஒரு லிங்க் மட்டும் போதாது. போர்த்துகல்காரர்கள் இருபது கேமரா வைக்கவில்லை, மூன்றாவது டிவிஷனுக்கு எண்ணிச் சிலதான் இருக்கும். ஆனால் ஆட்டத்தில் இருப்பவர்கள் பெயர் தெரிந்த ஒரு மனிதர் மைக்கின் முன்னால் இருந்தார். அதற்கு ஆகிற செலவு, நேரலைக் கருவிகளை ஏற்றி வருகிற ஓபி வேன் செலவில் ஒரு மூலைக்கு வராது.

மாநிலச் சங்கங்களும் இதைச் செய்யலாம். சென்னை வியாசர்பாடியில் ஒரு கேமரா, குமரிக் கடற்கரையின் தூத்தூரில் ஒரு கேமரா, ஒரு நல்ல மைக், வாராவாரம் ஒரே நேரம். நேரம் மாறக்கூடாது, அதுதான் ரொம்ப முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்றால் பதினோரு மணி. அல்வெர்காவில் அந்தச் சிறுமி கடிகாரம் பார்த்து ஓடிவருவாள்.

2025 மே மாதம் அல்வெர்கா முதல் டிவிஷனுக்கு முன்னேறியது, 21 வருடம் கழித்து. கடைக்காரருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். ஊரே தெருவில் நிற்கிறது என்று ஒரு வீடியோ அனுப்பினார், ஹாரன் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. ஆகஸ்டில் மறுபடி ஒரு செய்தி. இப்போது அவர்களுடைய ஆட்டம் கட்டணச் சேனலில்தான் வருகிறதாம், மாதாமாதம் காசு கட்டியாக வேண்டும், கடைக்கு என்றால் இன்னும் அதிகம், கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. கடை டிவியில் பெண்கள் ஆட்டம் ஓடுகிறது, மூலையில் அந்தப் பதினொன்று. டிவிக்குக் கீழே நாற்காலியில் பேத்தி, நன்றாக உயர்ந்துவிட்டாள். பூட்ஸ் இன்னும் காலில்தான் இருக்கிறது.